பல்லாங்குழியில் எண்ணிய கிரேக்கம்

எனக்குக் கிரேக்கம் தெரியும் என்று ஒரு பள்ளிக்கூடத்தையே நம்பவைத்த முட்டாள் நான்தான். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஒரு மத்தியானம், மோர்சாதம் தந்த மிதப்பில், ஆசிரியர் அறை மேஜைமேல் சுண்ணக்கட்டியால் நாலு எழுத்துப் போட்டு, “இது ஆல்ஃபா, இது பீட்டா” என்று வாசித்துக் காட்டினேன். அவ்வளவுதான். மறுநாள் முதல் நான் கிரேக்கத்தைக் கரைத்துக் குடித்தவன். அப்போதே மறுத்திருக்கலாம். ஆனால் வெறும் கணக்கு வாத்தியாருக்கு டீக்கடையில் யாரும் இடம் விடுவதில்லை; கிரேக்கம் தெரிந்த கணக்கு வாத்தியாருக்குக் கடைக்காரரே பெஞ்சைத் துடைத்துவிடுகிறார். துடைத்த பெஞ்சில் உட்கார்ந்து பழகியவனுக்கு உண்மை பேசுவது கொஞ்சம் கஷ்டம்.

என்னிடம் இருந்த கிரேக்கம் எவ்வளவு என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். சேலத்தில் எங்களுடையது கோயில் மணிக்கு எழுந்து கோயில் மணிக்குப் படுக்கும் கத்தோலிக்கக் குடும்பம். ஒரு பிள்ளையையாவது சாமியாராக்கிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. என்னைக் கொண்டுபோய்க் குருமடத்தில் விட்டார். அங்கே லத்தீன் கட்டாயம். கிரேக்கம், வயதான வெள்ளைக்காரச் சாமியார் ஒருவரின் சொந்த ஆசை. அவர் புண்ணியத்தில் எழுத்துகள் முழுசும், தினமும் செபிக்கும் பரலோக மந்திரம் முக்கால்வாசியும், இலக்கணம் ஒரு கைப்பிடியும் என்னிடம் ஒட்டிக்கொண்டன. பிறகு, செபத்தின் நடுவே அடிக்கடி சிரிப்பவன் பீடத்துக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சரியான முடிவு. அப்பாதான் கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் இராசிபுரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. பட்டு நெசவு செய்யும் வீடு ஒன்றின் முன்னறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் சேலை மூட்டையோடு பாதி நாள் சேலத்தில் இருப்பார். தறிகளையும் ஆட்களையும் வாடகைக்கு வந்த என்னையும் சேர்த்து மேய்த்தது வீட்டுக்கார அம்மாதான். விடியும்போது தறி ஓட ஆரம்பித்தால் என் கட்டிலும் சேர்ந்து நெய்யும்.

அந்த வீட்டுச் சாமி மாடத்தில், மஞ்சள் துணி சுற்றி, ஓர் ஓலைச்சுவடி இருந்தது. ‘கட்டு’ என்றுதான் அவர்கள் சொல்வார்கள். யார் எழுதியது, என்ன எழுத்து, ஒன்றும் தெரியாது. வட்டம் வட்டமாக, வாலும் கொம்பும் முளைத்த எழுத்து. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் நிமிர்ந்த சின்னக் கோடு. கோயில் அர்ச்சகர் பார்த்துவிட்டுக் கிரந்தம் இல்லை என்றாராம். ஊர்க் கணக்குப்பிள்ளை, பழைய தமிழ் இல்லை என்றாராம். தெலுங்குப் பண்டிதர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாராம்.

சரஸ்வதி பூசையன்று பலகையில் முதலில் அந்தக் கட்டுதான் ஏறும். அதன் மேல் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள், பக்கத்தில் ஊடை ஓட்டும் தறி நாடாக்கள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் எதையும் படிக்கக் கூடாது. பொரி மடித்து வந்த செய்தித்தாளைக்கூட எழுத்து கண்ணில் படாமல் மறைத்துதான் வைப்பார்கள். மறுநாள் காலையில் கட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே தறிக்குழியில் கால் வைப்பார்கள். கட்டு இல்லையென்றால் பலகை இல்லை. பலகை இல்லையென்றால் தறி ஓடாது. அதுவும் தீபாவளிக்கு முந்தைய தறி. கடைக்காரர்கள் சேலைக்கு ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருக்கும் சமயம்.

இந்த இடத்தில் சரித்திர வாத்தியார் உள்ளே வருகிறார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், மேடை ஏறாத வரைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறைக்குப் பேப்பர் படிக்க வந்தவர் கட்டைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கார அம்மா பிரித்துக் காட்டினாள். அவர் நெற்றி வியர்த்தது.

“சார், இங்கே இருக்கிறவங்க யாராலும் இதைப் படிக்க முடியல. அப்போ இது இங்கே உள்ளது இல்ல. வெளியில இருந்து வந்தது. வெளியில இருந்து இந்தக் கொங்கு மண்ணுக்கு மிளகு தேடி, ரத்தினம் தேடி வந்தவன் யாரு? யவனன்! யவனன் பேசினது என்ன மொழி?”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான், விடை தெரிந்த மாணவனைப்போல, “கிரேக்கம்” என்றேன். என் வாயை அப்போதே தறியில் பூட்டியிருக்க வேண்டும்.

சுவடியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் ஆராய வேண்டும் என்றார். அம்மா தரமாட்டேன் என்றாள். நான்தான் முன்னே நின்றேன். “நான் இருக்கிறேன் அம்மா. பூசைக்கு என் கையால் கொண்டுவந்து கொடுக்கிறேன்.”

“வாத்தியாரு சொன்னாச் செரிங்க,” என்றாள். “உங்கள நம்பித்தானுங்க குடுக்கறேன். அவுரு கண்ணு போற போக்கு எனக்குப் புடிக்கல.”

சுவடி தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டப்பட்டது. சரித்திர வாத்தியார் சென்னைப் பட்டணத்துப் பெரியமனிதர் ஒருவருக்கு எழுதினார். பதில் வந்தது: கிரேக்கம் அறிந்த ஒருவர் பார்த்து, இது கிரேக்கமே என்று கையெழுத்திட்டால், தாமே வந்து பெற்றுக்கொண்டு போய்ப் பட்டணத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஏற்பாடு செய்வாராம். ஆக, விஷயம் மிகவும் எளிது. கிரேக்கம் என்றால் கட்டு பட்டணம் போகும். இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்பும். கிரேக்கம் அறிந்தவர் என்று அந்தத் தாலுகா முழுக்கச் சல்லடை போட்டாலும் ஒரே ஆள்தான் தேறுவார். அவர் துடைத்த பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு கையெழுத்து சார், அவ்வளவுதான்,” என்றார் தலைமையாசிரியர். “பள்ளிக்கூடத்துக்கே பேரு.”

“சோதித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்,” என்றேன். சரித்திர வாத்தியார் முகம் மாறியது. அவருடைய ஆராய்ச்சியில் சோதனை என்ற சடங்கே கிடையாது.

எனக்குக் கிரேக்கத்தில் பேசத் தெரியாது, படித்தாலும் பாதிதான் புரியும். ஆனால் குருமடத்துப் பெரியவர் மண்டையில் குட்டிக் குட்டி ஏற்றிய ஒரு விதி மறக்கவில்லை. கிரேக்கச் சொல் உயிரெழுத்தில் முடியும். இல்லாவிட்டால் ன, ர, ஸ என்ற மூன்று ஒலிகளில் ஒன்றில் முடியும். வேறு மெய்யில் முடிவது அபூர்வம். சுவடியில் சொல்லுக்குச் சொல் கோடு இருக்கிறதே! ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் எண்ணிப் பார்த்தால், கிரேக்கமாக இருந்தால் சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வர வேண்டும். இரண்டாவது, கிரேக்கத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் நம் ‘உம்’ போன்ற குட்டிச் சொற்கள் எறும்பு மாதிரி ஊரும். அவையும் கண்ணில் பட வேண்டும்.

வகுப்பு இல்லாத நேரமெல்லாம் அலமாரியைத் திறக்கச் சொல்லி ஓலைகளைத் தாளில் பார்த்து எழுதினேன். எண்ணுவதற்கு வீட்டுக்கார அம்மாவின் பல்லாங்குழியைக் கேட்டு வாங்கினேன். ஒரு குழிக்கு ஓர் எழுத்து. ஒரு சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ அந்தக் குழியில் ஒரு புளியங்கொட்டை. குழி போதாமல் அடுத்த வீட்டுப் பலகையும் வந்தது.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். “ஏனுங்க வாத்தியாரே, கண்ணாலமாகாத ஆம்பள தனியா ஒக்காந்து பல்லாங்குழி ஆடுனா ஊருல என்னங்க பேசுவாங்க?”

“கிரேக்கம் எண்ணுகிறேன் அம்மா.”

“எண்ணி முடிச்சா கட்டு ஊட்டுக்கு வந்துருமுங்களா?”

“வரும்.”

“அப்பச் செரி, ஆடுங்க. கொட்ட பத்தலீன்னா கேளுங்க, தாரேன்.”

எண்ணி முடித்தேன். கிரேக்கமாக இருந்தால் சில குழிகள் வழிந்து, மற்றவை காய்ந்து கிடக்க வேண்டும். இங்கேயோ பந்தியில் பரிமாறியதுபோல எல்லாக் குழியிலும் கொட்டை. ஓலை முழுக்கத் தேடியும் திரும்பத் திரும்ப வரும் குட்டிச் சொல் ஒன்றும் இல்லை. அது என்ன மொழி என்று எனக்குத் தெரியாது; இன்றைக்கும் தெரியாது. கிரேக்கம் இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. பலகைகளை அப்படியே தூக்கிக்கொண்டு, கொட்டை சிந்தாமல், கடைவீதி வழியாகப் பள்ளிக்கு நடந்தேன். வழியில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நியாயம் என் கையில் இருந்தது.

ஆசிரியர் அறையில் வைத்து விளக்கினேன். சரித்திர வாத்தியார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“சார், நீங்க படிச்சது பண்டிதன் கிரேக்கம். இது மாலுமி கிரேக்கம். கப்பல்காரன் இலக்கணம் பார்த்தா சொல்லை முடிப்பான்?”

“குட்டிச் சொற்கள் எங்கே சார்?”

“ஓலை மிச்சம் பிடிக்க விட்டிருப்பான்.”

அவர் படித்துக்காட்டிய முறையைச் சொன்னால் உங்களுக்கும் ரத்தம் கொதிக்கும். அவரிடம் தடித்த ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. அதில் பொடி எழுத்தில் கிரேக்க வேர்ச்சொற்கள் கொடுத்திருக்கும். ஓலையில் மூன்று எழுத்தை எடுத்துக்கொள்வார். உயிர் எழுதும் வழக்கமில்லை என்று வைத்துக்கொண்டு, இஷ்டப்பட்ட உயிரைச் சேர்ப்பார். பொருந்தவில்லையா, வலமிருந்து இடம் படிப்பார். அப்போதும் பொருந்தவில்லையா, எழுதியவன் கை தவறிவிட்டது. இப்படியே போய்க் ‘கடல்’ என்று ஒரு சொல் பிடித்தார், ‘கப்பல்’ என்று ஒன்று. இவ்வளவு சலுகை கொடுத்தால் என் வண்ணான் துணியில் போட்ட குறிகூடக் கிரேக்கக் காவியம்தான்! இதை நான் உரக்கச் சொன்னேன். ஓவிய ஆசிரியர் மட்டும் சிரித்தார். மற்றவர்கள் என்னைப் பொறாமைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கூட இருந்து எண்ணிப் பார்க்க ஒருவர் வரவில்லை, ஒருவர்! பள்ளிக்கூடம் என்று பலகை மாட்டிய இடத்தில்!

நல்ல வார்த்தைக்கு மசியாத இடத்தில் குறும்பு என் பிறவிக் குணம். பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. சுவடி எழுத்துகளையே எடுத்து, இந்த எழுத்து ‘க’, இந்த எழுத்து ‘ர’ என்று நானே வைத்துக்கொண்டு, சேலம் நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலுக்கு மேல் எழுதியிருக்கும் வாசகத்தை அதில் எழுதினேன்: கரம், சிரம், புறம் நீட்டாதீர். கூடவே, சரியான சில்லறை கொடுக்கவும். சொல்லுக்குச் சொல் கோடு போட்டேன். சுவடியிலிருந்து உண்மையாகப் பார்த்தெழுதிய தாளோடு இதையும் சேர்த்து, “இன்னும் ரெண்டு ஓலை எழுதியிருக்கேன் சார்” என்று கொடுத்தேன்.

பூசைக்கு முந்தின நாள் மத்தியானம், தலைமையாசிரியர் முன்னிலையில், சரித்திர வாத்தியார் இரண்டையும் வாசித்தார். உண்மையான ஓலையில் தட்டுத்தடுமாறினார். என் பஸ் ஓலையில் வெள்ளம்போலப் போனார்! “கடல் அரசனே, கரையில் நிற்கிறேன்... உன் கையை நீட்டு... மிளகு மூட்டை ஏற்றிவிட்டேன்...” அவர் குரல் தழுதழுத்தது. எனக்கே ஒரு கணம், நம் ஊர் பஸ்ஸில் இவ்வளவு அழகா என்று தோன்றியது.

“சார்,” என்றேன், “அது கரம் சிரம் புறம் நீட்டாதீர்.”

எழுத்துக்கு எழுத்து விளக்கினேன். ஓவிய ஆசிரியர் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார். ஆட்டம் முடிந்தது, கட்டு வீட்டுக்குப் போகப்போகிறது என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன். சரித்திர வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். என்னைப் பரிவோடு பார்த்தார்.

“நீங்க கிரேக்கத்துல ஊறினவர். பஸ் போர்டு எழுதறதா நீங்க நினைச்சிருக்கலாம் சார். உங்களை அறியாம உங்க கை கிரேக்கம் எழுதியிருக்கு. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?”

தலைமையாசிரியர் மேஜையைத் தட்டினார். “அதுதானே! தெரியாத கையில இப்படி வருமா?”

புளியங்கொட்டை பொய், கணக்கு பொய், கண்ணெதிரில் நடந்த கேலிக்கூத்தும் பொய். மோர்சாத மயக்கத்தில் நான் விட்ட சரடு மட்டும் மெய்! நாளைக் காலையில் பள்ளிக்கூடப் பூசையிலேயே சுவடியை வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, கையெழுத்து வாங்கி அதைப் பட்டணத்துக்கு அனுப்புவது என்று முடிவானது. “கையெழுத்துப் போடறது படிக்கறதுல சேராது,” என்று தலைமையாசிரியர் சாஸ்திரமும் சொன்னார்.

மாலையில் வீட்டுக்குப் போனால், அம்மா தறி நாடாக்களைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டு எங்கே என்று கேட்கவில்லை. பலகையை மட்டும் என் அறை வாசலுக்கு நேரே கழுவிச் சாத்தியிருந்தாள். அதைவிட நாலு திட்டு வாங்கியிருக்கலாம்.

மறுநாள் காலை, ஆசிரியர்கள் எல்லோரும் சந்தனம் பூசி, பொரிகடலைக்குக் காத்திருந்த சபையில், பேனாவை என் கையில் கொடுத்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

“எனக்குக் கிரேக்கம் தெரியாது சார்.”

“தன்னடக்கம்,” என்றார் சரித்திர வாத்தியார்.

“அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுத்து தெரியும். ஒரு மந்திரம் தெரியும். அதுவும் முழுசாக வராது.”

“எங்கே, சொல்லுங்க பார்க்கலாம்.”

சரஸ்வதி படத்துக்கு முன்னால், ஊதுபத்திப் புகையில், பரலோக மந்திரத்தைக் கிரேக்கத்தில் ஆரம்பித்தேன். முக்கால்வாசியில் நின்றேன். சபையும் நின்றது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்; அதே இடத்தில் வண்டி நின்றுபோனது. தலைமையாசிரியர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினார்.

“அப்ப இத்தனை நாளு?”

“ஆல்ஃபா பீட்டாதான் சார்.”

“இவரு கையெழுத்த அனுப்பினா நம்மளப் பார்த்துச் சிரிப்பானுங்க,” என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு படத்துக்கு முன்னால் வைத்திருந்த சுவடியை எடுத்து மேஜைமேல் பொத்தென்று போட்டார். “கிரேக்கம்னு சொல்ல ஆளில்லைன்னா இதை வெச்சு நாம என்ன பண்றது? எடுத்துக்கிட்டுப் போங்க. அலமாரியில பரீட்சைத் தாளு வைக்க இடம் வேணும்.”

கட்டு கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நியாயமாக எண்ணிக் காட்டியபோது கிடைக்கவில்லை. நான் ஒன்றும் தெரியாதவன் என்றதும் கிடைத்தது. யவனன் எழுதினான் என்றால் கண்ணாடிப் பெட்டி. இந்தப் பக்கத்து மனிதன் எவனோ குந்தி உட்கார்ந்து கண் நோக எழுதினான் என்றால் இடத்தை அடைக்கும் குப்பை! எழுதியவன் கப்பலில் வராததுதான் அவன் செய்த குற்றமா? மஞ்சள் துணியைக் காணோம். தேடினேன். ஏழாம் வகுப்புக் கரும்பலகைக்கு அடியில், சுண்ணப்பொடி படிந்து, துடைக்கும் துணியாகக் கிடந்தது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டை என் தோள்துண்டில் சுற்றினேன். சரித்திர வாத்தியார் வாசல்வரை வந்தார். “பட்டணத்துல இருந்து நல்ல ஆளா வரவழைச்சுப் பார்ப்போம் சார்,” என்றார். டீக்கடை பெஞ்சு அன்றைக்கே துடைக்கப்படாமல் இருந்தது. செய்தி எனக்கு முன்னால் கடைவீதிக்குப் போய்விட்டது.

வீட்டில் பலகை போட்டுக் கோலமிட்டு, பொரி, கடலை, நாடாக்கள் எல்லாம் தயார். பலகையின் நடுவே மட்டும் ஓர் ஓலைக்கட்டு அளவுக்கு இடம் விட்டிருந்தது. அம்மா கட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அந்த இடத்தில் வைத்தாள். அழுக்குத் துணியைப் பார்த்தாள். வாளியில் போட்டாள். அதைப் பார்த்ததும் என் வாய் திறந்துகொண்டது.

“அம்மா, பாருங்கள், அவர்கள் ஒருத்தரும் நம்பவில்லை. நீங்களாவது பாருங்கள். இது கிரேக்கம் இல்லை என்பதற்கு அத்தாட்சி இந்த ஓலையிலேயே இருக்கிறது. நான் தெரியாதவனாம், சரி, நான் முட்டாளாகவே இருக்கட்டும், எண்ணிக்கை முட்டாளா? புளியங்கொட்டை பொய் சொல்லுமா? அந்தப் பல்லாங்குழியை எடுத்து வாருங்கள். இந்த முதல் ஓலையில் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் என்ன எழுத்து நிற்கிறது என்று படித்துக் காட்டுகிறேன், நீங்களே சொல்லுங்கள் நியாயம்!” என்று பலகைக்கு முன் குத்தவைத்து, கட்டின் கயிற்றில் கை வைத்தேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“இன்னைக்குப் படிக்கப்படாதுங்க.”